பயிர் கருகருன்னு இருந்தா போதுமா?

ஆரணிக்குப் பட்டு எடுக்கப் போகிற அம்மாமார்களுக்கு ஒரு பழைய வித்தை தெரியும். சேலை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவுவார்கள். தீக்குச்சியைக் காட்டுவார்கள். தலைமுடி கருகுகிற வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அசல் பட்டு. பிளாஸ்டிக் நாற்றம் அடித்து, முனை கெட்டியாக உருண்டுகொண்டால் போலி. கடைக்காரர் முறைத்தாலும் இவர்கள் விடமாட்டார்கள்!

அது ஏன் முடி கருகுகிற வாசனை? காரணம் இருக்கிறது. பட்டும் புரோட்டீன், முடியும் புரோட்டீன். புரோட்டீன் என்றாலே அதற்குள் நைட்ரஜன் இருந்தாக வேண்டும். நம் விவசாயிகள் இதைத் தழைச்சத்து என்பார்கள். பட்டில் நூற்றுக்குச் சுமார் பதினெட்டுப் பங்கு இந்தச் சமாச்சாரம்தான். அரைக் கிலோ பட்டு நூலில் ஏறக்குறைய 90 கிராம். எங்கோ கர்நாடகத்திலோ கிருஷ்ணகிரி பக்கமோ ஒரு மல்பெரிச் செடி அதை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்திருக்கும். புழு அந்த இலையைத் தின்று நூலாக நூற்றது. அதுதான் ஆரணித் தறியில் ஏறி உங்கள் பீரோவுக்கு வந்திருக்கிறது.

பட்டுக்கு மட்டுமா ஆரணி? அரிசிக்கும் ஆரணிதான். பக்கத்திலே களம்பூர் என்றால் வட மாவட்டங்களில் பொன்னி அரிசி ஞாபகம்தான் முதலில் வரும். அந்த அரிசியிலும் இதே தழைச்சத்துதான் புரோட்டீனாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் வயலுக்குப் போகிற யூரியா மூட்டை விவசாயியின் கவலை மட்டும் இல்லை. உங்கள் சாப்பாட்டுத் தட்டு, உங்கள் வீட்டுக் கிணறு, பிள்ளை பெற அம்மா வீட்டுக்கு வந்திருக்கிற மகளின் கைக்குழந்தை வரைக்கும் அதற்குச் சம்பந்தம் உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் இலை, அப்புறம்தான் மணி

காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆனாலும் நெல் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. கடலைச் சுற்றி நின்றுகொண்டு குடிக்கத் தண்ணீர் இல்லாத கதைதான்! வேர் வழியாக, தண்ணீரில் கரைந்த உப்பாகத்தான் அது உள்ளே போக வேண்டும்.

உள்ளே போனதும் செடி முதல் வேலையாக இலையைக் கட்டுகிறது. இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கும் பொருளில் நைட்ரஜன் இருக்கிறது. வெயிலைப் பிடித்துச் சர்க்கரை தயாரிக்கிற புரோட்டீன்களிலும் அதுதான். அதனால்தான் தழைச்சத்து குறைந்தால் பயிர் வெளிறி மஞ்சளாகிறது. அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். கிழ இலையில் இருப்பதைப் பிரித்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும் செடி. தாய் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நட்ட இரண்டு மூன்று வாரத்தில் நெல் தூர் கட்ட ஆரம்பிக்கிறது. அப்போது தழைச்சத்து கிடைத்தால் தூர் அதிகம். அதற்கப்புறம் தண்டுக்குள்ளே, நம் கண்ணுக்குத் தெரியாமல், கதிர் உருவாகிறது. அப்போது கிடைத்தால் கதிரில் மணி அதிகம். பூத்துப் பால் பிடிக்கிற நேரத்தில் கதை தலைகீழ். இலைகளில் சேர்த்து வைத்த புரோட்டீனை உடைத்து மணிக்கு அனுப்புகிறது பயிர். அறுவடை சமயத்தில் வயல் பொன்னிறமாகிறதே, அது வெறும் முதுமை இல்லை. இலை தன் சொத்தை மணிக்கு எழுதி வைத்துவிட்ட அடையாளம்.

ஆக, எவ்வளவு போடுகிறோம் என்பது பாதி விஷயம்தான். எப்போது போடுகிறோம் என்பது மீதிப் பாதி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தழைச்சத்தை நாலு பாகமாகப் பிரித்துப் போடச் சொல்வது இதனால்தான். அடியுரமாக ஒரு பங்கு, தூர் கட்டும்போது ஒரு பங்கு, கதிர் உருவாகும்போது ஒரு பங்கு, கதிர் வெளிவரும்போது ஒரு பங்கு.

"கன்னங்கரேல்னு நிக்குதும்மா!"

நடுத்தரக் குடும்பங்களில் பல பேருக்கு ஊரிலே ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ இருக்கும். இவர்கள் வேலூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வருஷத்துக்குச் சில மூட்டை நெல் வாங்கிக்கொள்வார்கள். போன் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"இன்னாப்பா, பயிர் எப்படிக்கீது?"

"கன்னங்கரேல்னு நிக்குதும்மா. போன வாரம்தான் இன்னொரு மூட்டை யூரியா எறச்சேன்."

"அப்படியா, நல்லது நல்லது..."

நல்லதுதானா?

கரும்பச்சை கண்ணுக்கு அழகு. ஆனால் தேவைக்கு மேல் தழைச்சத்து தின்ற நெல், உயரமாகவும் மெத்தென்றும் வளர்ந்துவிடும். தண்டில் உறுதி இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு ராத்திரி அடித்தால் அப்படியே சாய்ந்து தண்ணீரில் படுத்துக்கொள்ளும். அந்தக் கதிர் எப்படி ஒழுங்காகப் பால் பிடிக்கும்? பூச்சிகளுக்கும் இந்த மெத்தென்ற பயிர் ரொம்பப் பிடிக்கும். புகையான், இலைச்சுருட்டுப் புழு, குலைநோய் எல்லாம் யூரியா அதிகமான வயலைத் தேடி வரும். அப்புறம் மருந்து அடிக்க வேண்டும். ஒரு மூட்டை யூரியா இலவசமாகக் கூட்டி வருகிற விருந்தாளி, பூச்சிமருந்து டப்பா!

மல்பெரித் தோட்டத்திலும் இதே கதைதான். தழைச்சத்து மிஞ்சினால் இலை தண்ணீர் கோத்துக்கொண்டு மெத்தென்று வரும். அதைத் தின்கிற பட்டுப்புழுவுக்கு நோய் சீக்கிரம் பிடிக்கும். புழு வளர்ப்பவர்கள் இதைக் கவனமாகப் பார்ப்பார்கள். நெல்லுக்கு அந்தக் கவனம் வருவதில்லை.

பொன்னி அரிசிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைப் பொன்னி கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1986-ல் வெளிவந்த ரகம். உயரமான பயிர், எளிதில் சாயும். மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று பொதுவாகச் சொல்லும் பல்கலைக்கழகம், வெள்ளைப் பொன்னிக்கு அதில் சரிபாதி, 75 கிலோதான் சொல்கிறது. யூரியாவில் 46 சதவிகிதம் நைட்ரஜன். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 45 கிலோ மூட்டையில் ஒன்றரை மூட்டை. அதையும் ஒரே தடவையாக இல்லை, பிரித்துப் பிரித்து.

அப்புறம் ஏன் மூன்று, நாலு மூட்டை போகிறது? விலைதான் காரணம். அரசு மானியத்தில் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்கள் இதைவிடப் பல மடங்கு விலை. மலிவாகக் கிடைப்பது வயலுக்குப் போகிறது. போட்ட இரண்டே நாளில் பச்சை ஏறுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. விவசாயியைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? வருமானம் ஒரு போகத்தில் நிற்கிறவர், 'கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்' என்றுதான் நினைப்பார்.

இங்கிலாந்திலிருந்து வந்து எண்ணினார்கள்

இந்த விஷயத்தில் ஆரணிப் பக்கத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1973-74-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் புது நெல் ரகங்கள் என்ன செய்தன என்று ஆராய்ந்தன. இலங்கையின் நெல் பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். 1977-ல் புத்தகம் வந்தது. தலைப்பு 'பசுமைப் புரட்சி' என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறி! அந்தக் குழுவில் வந்த பார்பரா ஹாரிஸ், ஆரணியின் அரிசி மில்களையும் மண்டிகளையும் பட்டு வியாபாரத்தையும் விடாமல் தொடர்ந்தார். நாற்பது வருஷ மாற்றங்களைச் சொல்லும் புத்தகம் 2015-ல் அவர் தொகுப்பில் வெளியானது.

1991-ல் இன்னொரு புத்தகம். உலக உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஹேசலும், நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சி. ராமசாமியும் அதே வட ஆர்க்காட்டுக் கிராமங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்து எழுதியது. பெரிய விவசாயி மட்டும் அல்ல, சிறு விவசாயியும் கூலிக்காரரும்கூட பலன் பெற்றார்கள் என்றது அது. உரத்தை மொத்தமாகத் திட்டித் தீர்க்கிற 'இயற்கை' நண்பர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. அந்த மூட்டை வயிறு நிறைத்திருக்கிறது. மிஞ்சுவதுதான் இன்றைய பிரச்னை.

மிஞ்சுவது எவ்வளவு? நெல் வயலில் போட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவிகிதம்தான். மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்கும். நிறையக் காற்றில் ஆவியாகப் போகும். கொஞ்சம் வாய்க்காலில் ஓடும். கொஞ்சம் நைட்ரேட் என்ற உப்பாகி, தண்ணீரோடு கீழே இறங்கும். 2015-லிருந்து எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயமாக்கினார்களே, அது மெதுவாகக் கரையட்டும் என்பதற்காக.

கினோவாவும் நம்ம தண்டுக்கீரையும்

இப்போது பெரிய கடைகளில் கினோவா பாக்கெட்டுகளைப் பார்க்கிறோம். 'அரிசிக்குப் பதில் இதைச் சாப்பிடுங்கள்' என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார். 2013-ஐ ஐக்கிய நாடுகள் சபை கினோவா ஆண்டாகவே கொண்டாடியது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்களின் பழைய உணவு இது. ஆனால் நெல், கேழ்வரகு போலப் புல் வகை அல்ல. நம் தண்டுக்கீரை, அரைக்கீரை, பீட்ரூட் எல்லாம் இருக்கிற குடும்பம். கீரை விதை என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. விதை மேலே சோப்பு நுரை மாதிரி நுரைக்கிற கசப்புப் பொருள் உண்டு. அதனால் நன்றாகக் கழுவித்தான் சமைக்க வேண்டும்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையைப் புரட்டினால், 100 கிராமில் புரோட்டீன் தீட்டிய அரிசியில் சுமார் 8 கிராம், கம்பில் 11, கினோவாவில் 13. சபாஷ் என்று தோன்றும். அதே அட்டவணையில் துவரம்பருப்பு 22, வேர்க்கடலை 24!

ஒரு டன் கினோவாவின் புரோட்டீனுக்குள் சுமார் 21 கிலோ நைட்ரஜன் இருக்கும். ஒரு டன் அரிசியில் 13 கிலோ. அதிகப் புரோட்டீன் வேண்டும் என்றால் செடிக்கு அதிக நைட்ரஜன் வேண்டும், குறுக்கு வழி கிடையாது. 'வறட்டு மலையிலும் விளையும் அதிசயப் பயிர்' என்கிறார்களே, விளையும்தான். ஆனால் எவ்வளவு விளையும்? ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. தழைச்சத்தே போடாத நிலத்தில் ஹெக்டேருக்கு 1,790 கிலோ கினோவா. 120 கிலோ நைட்ரஜன் போட்டபோது 3,495 கிலோ. ஏறக்குறைய இரண்டு மடங்கு! கீரைக் குடும்பத்துப் பிள்ளை, தழைச்சத்து என்றால் பசியோடு காத்திருக்கும்.

வேர்க்கடலை அப்படி இல்லை. அதன் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள்ளே குடியிருக்கிற பாக்டீரியா, காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. வாடகையாகச் செடி சர்க்கரை கொடுக்கிறது. ஆரணி, போளூர், செய்யாறு பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைகிற கடலை, யூரியா மூட்டையை அதிகம் எதிர்பார்க்காமல் கினோவாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு புரோட்டீன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கினோவா பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் புரோட்டீனுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், காசைக் கடலைக்கும் பருப்புக்கும் போடுவது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

கைக்குழந்தை இருக்கிற வீடா?

இதுதான் முக்கியமான இடம். நிதானமாகப் படியுங்கள்.

1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற டாக்டர் இரண்டு பச்சிளங்குழந்தைகளைப் பற்றி எழுதினார். உடம்பு நீலம் பாரித்திருந்தது. இதயத்தில் கோளாறு இல்லை. விசாரித்தால், இரண்டு வீட்டிலும் பால் பவுடரைக் கரைத்தது கிணற்றுத் தண்ணீரில். அந்தத் தண்ணீரில் நைட்ரேட் மிக அதிகம்.

நைட்ரேட் வயிற்றுக்குள் போனதும் பாக்டீரியாவால் நைட்ரைட்டாக மாறுகிறது. இது ரத்தத்தில் கலந்தால், ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினைச் சுமக்க முடியாதபடி ஆக்கிவிடும். பெரியவர்கள் உடம்பு இதைச் சரிசெய்துகொள்ளும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அந்தத் திறன் குறைவு. வயிற்றில் அமிலமும் குறைவு என்பதால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். உதடும் நகக்கண்ணும் நீலம் அல்லது சாம்பல் நிறமாக மாறும். குழந்தை சோர்ந்து மூச்சு வாங்கும். இப்படி இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. அங்கே மருந்து இருக்கிறது.

இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கை, தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் 37 சதவிகிதம் இந்த அளவைத் தாண்டியதாகச் சொல்கிறது. ராஜஸ்தான், கர்நாடகத்துக்கு அடுத்த இடம் நமக்கு. திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற விழுப்புரம், நாட்டிலேயே நைட்ரேட் அதிகமான 15 மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. எல்லாம் யூரியாவின் வேலை என்று சொல்லிவிட முடியாது. கிணற்றை ஒட்டிக் கட்டிய செப்டிக் டேங்க், மாட்டுக் கொட்டகை, குப்பைமேடு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. தண்ணீர் கட்டிய நெல் வயலைவிட, மணல் பாங்கான தோட்டத்தில் கரும்புக்கும் காய்கறிக்கும் கொட்டுகிற உரம்தான் வேகமாகக் கீழே இறங்கும்.

பிரசவத்துக்கு மகள் வருகிறாள் என்றால் வெள்ளையடிக்கிறோம், கட்டில் வாங்குகிறோம். கிணறு அல்லது போர் தண்ணீரை ஒரு தடவை சோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது. சின்னக் கட்டணம்தான். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிடித்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். 'நைட்ரேட் பார்க்கணும்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

'நாங்கதான் கொதிக்க வெச்சுக் குடிக்கிறோமே!' என்பீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும், படிகாரம் போட்டாலும் போகாது. ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை எடுத்துவிடும். இல்லாவிட்டால் சோதித்துப் பார்த்த வேறு தண்ணீர்.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அம்மா குடிக்கிற தண்ணீரில் உள்ள நைட்ரேட், பாலில் அவ்வளவாக இறங்குவதில்லை. 'தொண்டை வறளுதே' என்று பாட்டி ஒரு சங்கு தண்ணீர் புகட்டுவதும் வேண்டாம்.

கீரை பற்றியும் ஒரு வார்த்தை. தண்டுக்கீரை, பாலக், பீட்ரூட் எல்லாம் மிஞ்சிய தழைச்சத்தை நைட்ரேட்டாகவே தண்டில் சேர்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவை. பெரியவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் குழந்தைக்குக் கீரைத் தண்ணீர், பீட்ரூட் சாறு கொடுக்காதீர்கள். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு அன்றன்றைக்கு மசித்துக் கொடுங்கள். மீந்ததை வெளியில் வைத்து மறுநாள் சுட வைத்து ஊட்ட வேண்டாம்.

அடுத்த தடவை ஊருக்குப் போன் பண்ணும்போது

நிலம் உள்ளவர்கள் குத்தகைதாரரிடம் ஒரு சின்னப் பொருளைப் பற்றிக் கேளுங்கள். இலை வண்ண அட்டை. பிளாஸ்டிக் ஸ்கேல் மாதிரி இருக்கும். இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள். நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, பத்து இலைகளை அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நம் நிழல் அட்டை மேல் விழும்படி நின்றுகொள்ள வேண்டும், வெயிலில் நிறம் ஏமாற்றும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே வெளிறியிருந்தால் யூரியா போடலாம். இல்லையா, அந்த வாரம் மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

போடும்போதும் ஒரு பக்குவம். யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து ராத்திரி முழுக்க வைத்திருந்து, மறுநாள் தண்ணீரை வடித்த வயலில் போட்டால் வீணாவது குறையும். நெல்லுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் யூரியாவே குறைவாகப் போதும். மண் பரிசோதனைக்கும் அட்டைக்கும் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்கலாம். கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது.

"பயிர் கன்னங்கரேல்னு நிக்குதும்மா" என்று சொன்னால், "அட்டையிலே எந்த நம்பர் காட்டுதுப்பா?" என்று கேளுங்கள்.